டாமி கன்னின் சத்தம்

கையில் பிடித்துச் சரமாரியாகச் சுடக்கூடிய எதையும் நம் செய்தித்தாள்கள் இயந்திரத் துப்பாக்கி என்று ஒரே பெயரில் எழுதிவிடும். போர்க்களத்தில் முக்காலியில் ஊன்றிச் சுடுவதற்கும் அந்தப் பெயர்தான், கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோவதற்கும் அந்தப் பெயர்தான். இங்கே பேச்சு இரண்டாவது வகையைப் பற்றியது: கைத்துப்பாக்கியின் சின்னத் தோட்டாவை இயந்திரத் துப்பாக்கியின் வேகத்தில் கக்கும் சப்மெஷின் கன். அந்த இனத்தில் சினிமா அதிகம் கொண்டாடியது டாமி கன் என்று செல்லப்பெயர் வாங்கிய தாம்சன். அமெரிக்க ராணுவ அதிகாரி ஜான் தாம்சன், முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டைக்கென்று யோசித்தது. யோசனை உருவாகிக் கைக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1921-இல் கோல்ட் நிறுவனம் 15,000 துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. மதுவிலக்குக் காலத்துச் சிகாகோதான் அதற்கு வேலை கொடுத்தது. 1929 பிப்ரவரி 14 அன்று அங்கே ஒரு கார் ஷெட்டில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டபோது, சுட்டவர்கள் கையில் இரண்டு தாம்சன்கள் இருந்தன. அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி சினிமாவின் சொத்து.

டாமி கன் காட்சிகளை ரசிக்கிறவர்கள் பெரும்பாலும் அதன் தோற்றத்தைத்தான் சிலாகிப்பார்கள். அடியில் தொங்கும் வட்ட டப்பா, முன்பக்கக் கைப்பிடி, கூடவே தொப்பியும் நீளக் கோட்டும். என் கட்சி வேறு. அதைத் திரையில் வாழவைத்தது சத்தம். நினைவில் நிற்கும் காட்சிகளை எடுத்துப் பார்த்தால், அந்தச் சத்தத்தைக் கஞ்சன் காசு எண்ணுவதுபோல் எண்ணிச் செலவழித்த இயக்குநர்களின் காட்சிகளாகவே அவை இருக்கின்றன.

காலவரிசையே இதற்கு முதல் சாட்சி. சிகாகோவில் பத்திரிகையாளராக இருந்த பென் ஹெக்ட், 1927-இல் வந்த 'அண்டர்வேர்ல்ட்' படத்துக்குக் கதை எழுதி, முதல் ஆஸ்கர் விழாவிலேயே பரிசு வாங்கினார். படத்தில் தாதாவும் இருந்தார், போலீஸ் முற்றுகையும் இருந்தது. ஆனால் அது மௌனப் படம். படங்கள் பேசத் தொடங்கிய பிறகு, அதே ஹெக்ட் எழுதி ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஸ்கார்ஃபேஸ்' 1932-இல் வந்தது. டாமி கன் தனக்கென்று ஒரு குரலோடு வந்து நின்றது அங்கேதான். புதுத் துப்பாக்கி கைக்கு வந்ததும் பால் முனி நடிக்கும் டோனி, திருவிழாவில் ஊதுகுழல் கிடைத்த பையனைப்போலக் குதிக்கிறான். அடுத்து ஹாக்ஸ் செய்வதைக் கவனிக்க வேண்டும். சுடப்படுகிறவர்களை அவர் வரிசையாகக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. துப்பாக்கி முழங்க முழங்க, நாள்காட்டியின் தாள்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்து பறக்கின்றன. எத்தனை நாள், எத்தனை உயிர் என்ற கணக்கைக் காது போட்டுக்கொள்கிறது. அந்தப் பிப்ரவரிப் படுகொலையை நினைவூட்டும் காட்சியிலும் சுவரில் விழும் நிழல்கள்தான் தெரிகின்றன. பந்து உருட்டி விளையாடும் கூடத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்த எதிரி சுடப்படும்போது, கேமரா அவரை விட்டுவிட்டு அவர் உருட்டிய பந்தின் பின்னாலேயே போகிறது. கட்டைகள் எல்லாம் சரிந்த பிறகு ஒன்று மட்டும் ஆடி ஆடி விழுகிறது. ஒரு சாவை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சி அந்தக் காலத்துப் படங்களில் அபூர்வம்.

சத்தத்தின் பலத்தை ரசிகர்களுக்கு முன்பே தணிக்கைக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். 1938 டிசம்பரில் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளோடு சேர்ந்த குற்றப் படங்களுக்கான தனிக் கட்டளைகள், குற்றவாளிகள் கையில் இத்தகைய துப்பாக்கிகளைக் காட்டவே கூடாது என்றன. அதோடு விட்டிருந்தால் அது சாதாரணத் தடை. திரைக்கு வெளியிலிருந்து அவற்றின் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். கண்ணை மூடினால் போதாது, காதையும் அடைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது! அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது என்பதை அரை நூற்றாண்டு கழித்து ஒரு குழந்தைகள் படம் நிரூபித்தது. 1990-இல் வந்த 'ஹோம் அலோன்' படத்தில், வீட்டில் தனியாக மாட்டிக்கொண்ட சிறுவன் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தாதா படத்தின் டேப்பை ஓடவிடுகிறான். வாசலில் பீட்சா கொண்டுவந்து நிற்கும் பையனுக்கு எதுவும் தெரியவில்லை. டாமி கன் சத்தம் கேட்கிறது, ஓட்டம் பிடிக்கிறான். அந்தப் பழைய படமும் நிஜத்தில் பழையதல்ல, இந்தக் காட்சிக்காகவே எடுத்துச் சேர்த்தது. பார்க்கிறவர்களுக்கு அது உண்மையான பழைய படமாகப்படுவதற்கும் பெரும்பங்கு காரணம் அந்தச் சத்தம்தான்.

அதே 1990-இல் வந்தது கோயன் சகோதரர்களின் 'மில்லர்ஸ் கிராஸிங்'. ஆல்பர்ட் ஃபின்னி நடிக்கும் லியோ, படுக்கையில் சுருட்டுப் பிடித்தபடி கிராமபோனில் 'டேனி பாய்' பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கீழே காவலாளை முடித்துவிட்டு இருவர் டாமி கன்களோடு மாடிப்படி ஏறுகிறார்கள். தரைப்பலகை இடுக்கில் புகை வருவதைப் பார்த்த லியோ சுருட்டை அணைத்துப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொள்கிறார், கட்டிலுக்கடியில் புகுந்து ஒருவனை வீழ்த்துகிறார், அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியேறுகிறார். அப்புறம் நடுத்தெருவில் நின்று, ஓடும் காரைச் சுட்டுக்கொண்டே நடக்கிறார். துப்பாக்கி தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். வட்ட டப்பாவில் 50 தோட்டா என்றால், எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நாலைந்து விநாடியில் தீர்ந்துவிடும். லியோவின் துப்பாக்கியோ அட்சய பாத்திரம். ஆட்சேபம் சரியானதுதான். ஆனால் அந்தக் காட்சியின் கடிகாரம் துப்பாக்கியில் இல்லை, பாட்டில் இருக்கிறது. பாடகர் ஃபிராங்க் பேட்டர்சன் காட்சியின் அளவுக்குப் பொருத்தமாகவே அதைப் பாடிக் கொடுத்தார். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது துப்பாக்கி அதற்குப் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறது. மிருதங்கக்காரரிடம் போய் எத்தனை தட்டு தட்டினீர்கள் என்று யாராவது கேட்பார்களா? கடைசியில் சுருட்டு மறுபடி வாய்க்கு வருகிறது. தோட்டாக் கணக்குப் பார்ப்பவர்கள் அந்தச் சுருட்டைத் தவறவிடுகிறார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு 'காட்ஃபாதர்' படத்தின் சுங்கச்சாவடி. 1972-இல் கொப்போலா எடுத்த அந்தக் காட்சியில் சிக்கனம் எங்கே இருக்கிறது? நாலா பக்கமும் தாம்சன்கள் முழங்குகின்றன, ஜேம்ஸ் கான் நடித்த சானியின் உடம்பு துடித்துக்கொண்டே இருக்கிறது, செத்த பிறகும் ஒருவன் தலையில் உதைக்கிறான். சத்தமே காட்சி என்று வாதாடலாம். நான் அந்தச் சத்தத்துக்கு முன்னால் உள்ள சில விநாடிகளைச் சொல்வேன். சாவடிக்குள் ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை ஓடுகிறது. முன்னால் ஒரு கார் வழிமறித்து நிற்கிறது. காசு வாங்குகிறவன் கை தவறியதுபோலக் காசைக் கீழே போட்டுக் குனிகிறான். விளையாட்டு வர்ணனை கேட்கும் சராசரி மதியத்தைக் கொப்போலா முதலில் நம் காதில் நிரப்பிவிடுகிறார். பிறகு வரும் ஓசை அத்தனை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அந்த ரேடியோ. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், வெறும் ரத்தம்தான் மிஞ்சும்.

சாம் மெண்டஸின் 'ரோட் டு பெர்டிஷன்' (2002) கடைசி எல்லைக்கே போய்விட்டது. இரவு, கொட்டும் மழை. பால் நியூமன் நடிக்கும் முதலாளி தன் ஆட்களோடு காரை நோக்கி வருகிறார். இருட்டில் தீப்பொறி மின்னுகிறது, ஆட்கள் சரிகிறார்கள். துப்பாக்கி ஓசை துளியும் இல்லை, தாமஸ் நியூமனின் இசை மட்டும். முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருவது தான் மகனைப்போல வளர்த்தவன் என்று அவருக்குத் தெரியும். அவனாக நடிக்கும் டாம் ஹாங்க்ஸ் நெருங்கி வந்து அவரைச் சுடும்போதுதான் அந்தக் காட்சியில் தாம்சன் முதன்முறையாகக் காதில் விழுகிறது. கூலியாட்களின் சாவுக்கு ஓசை இல்லை, அப்பாவின் சாவுக்கு உண்டு: அந்தத் தேர்வில் முழுக் கதையும் இருக்கிறது. கொலையை இப்படி அழகாக்குவது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கான்ராட் ஹாலின் ஒளிப்பதிவு, அவர் இறந்த பிறகு ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவு, அந்த மழையில் கொஞ்சம் அளவுக்கு மீறியே அழகாக இருக்கிறது. ஆனாலும் துப்பாக்கிக் காட்சியில் பார்வையாளனுக்குக் கிடைக்கும் மலிவான கிளர்ச்சி ஓசையிலிருந்துதான் வருகிறது. மெண்டஸ் அதைத்தான் பிடுங்கிக்கொண்டார். எஞ்சியது துக்கம்.

வெறும் ஆரவாரத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 'வேர் ஈகிள்ஸ் டேர்' (1968) படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் இரண்டு கையிலும் இரண்டு எம்.பி. 40-களை ஏந்தி நடைவழியில் சுடுவது நல்ல பொழுதுபோக்கு. ஜெர்மன் சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் நிஜத்தில் இருந்தது சாதாரண ரைஃபிள் என்பதும், ஷ்மைசர் என்று அழைக்கப்படும் அந்தத் துப்பாக்கியை ஹ்யூகோ ஷ்மைசர் வடிவமைக்கவில்லை என்பதும் அந்தப் படத்தை ரசிப்பதற்குத் தேவையில்லாத விவரங்கள். படம் முடிந்து வெளியே வந்ததும் சத்தமும் போய்விடுகிறது.

போகாமல் நிற்பது, சத்தமே வராத ஒரு காட்சி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் மலிவாக, லட்சக்கணக்கில் செய்து குவித்த ஸ்டென் கன் அதில் வருகிறது. 2016-இல் ஷான் எல்லிஸ் எடுத்த 'ஆந்த்ரோபாய்டு' படத்தில், பிராக் நகரின் ஒரு தெருவளைவில் நாஜித் தலைவர் ஹெய்ட்ரிக்கின் கார் வேகம் குறைக்கிறது. கில்லியன் மர்ஃபி நடிக்கும் காப்சிக் முன்னால் பாய்ந்து குறிபார்த்து விசையை அழுத்துகிறார். ஒன்றும் நடக்கவில்லை. திரைக்கதைக்காரர் கற்பனை செய்தது அல்ல இது. 1942 மே 27 அன்று அந்த ஸ்டென் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. காப்சிக்கின் தோழர் குபிஷ் எறிந்த குண்டில்தான் ஹெய்ட்ரிக் காயமடைந்தார். எட்டு நாள் கழித்து, ஜூன் 4 அன்று, அந்தக் காயத்தால் இறந்தார். ஸ்டென்னிலிருந்து ஒரு தோட்டாகூட வெளியே வரவில்லை.