இருங்காட்டுக்கோட்டையில் கார் பார்க்க வந்தவர்

ஞாயிறு காலை ஏழரைக்கே சிமெண்ட் தளம் சுட ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், பிட் கேரேஜ்களுக்குப் பின்னால், இருபது இருபத்தைந்து கார்கள் டிக்கியைத் திறந்துபோட்டு நிற்கின்றன. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வருகிறது: ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, காய்ந்த தேங்காயோடு ஒரு தாம்பூலப் பை. வண்டிக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. சோதனை பார்க்கும் பெரியவர் ஒவ்வொரு காராக வருகிறார். வீல் நட்டை இழுத்துப் பார்க்கிறார், பேட்டரியை ஆட்டிப் பார்க்கிறார், டிரைவர் காலடி மேட்டை உருவி வெளியே போடுகிறார். ஒரு காரின் டேஷ்போர்டில் பிள்ளையார். பெரியவர் அவரையும் இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. "இருக்கட்டும்" என்று அடுத்த காருக்குப் போனார்.

சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990 வாக்கில் இங்கே சொந்தமாகத் தடம் போட்டது. சுற்றளவு 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு திருப்பம். இன்றைக்குப் பந்தயம் இல்லை, டிராக் டே. லைசென்ஸும் ஹெல்மெட்டும் சோதனையில் தேறிய காரும் இருந்தால், பணம் கட்டிவிட்டு ஓட்டலாம். கோப்பை கிடையாது. பார்க்க வந்தவர்கள் ஒரு பத்துப் பேர். அஜித் குமாரின் பந்தய உடைப் படம் போட்ட டி-ஷர்ட்டில் இரண்டு பையன்கள். என்னைப் போல நிழல் பார்த்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டவர்கள் சிலர். நான் ஓட்டுகிறவன் இல்லை.

கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தம்பதி. அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. நகக்கண்ணில் போகாத கறுப்பு இருந்தது, பட்டறைக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கிறார் என்பது பேச்சில் பிறகு வந்தது. கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு. அதைச் சுவர்மேல் வைத்துவிட்டு அவர் எழுந்து போகும்போதெல்லாம் எனக்கு வாசிக்கக் கிடைத்தது. வாசித்தேன், தப்புதான்.

காரின் பெயர், குதிரைத்திறன், எடை, விலை என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். முதல் வரியில் மாஸ்டா எம்எக்ஸ்-5. குறுக்கே கோடு, பக்கத்தில் 'இங்க இல்ல'. சரியான ஆசைதான். இரண்டு சீட்டு, ஒரு டன்னை ஒட்டிய எடை, பின்சக்கர ஓட்டம். 1989 முதல் பத்து லட்சத்துக்கு மேல் தயாரான கார். வாரக்கடைசிக்கும் டிராக்குக்கும் ஒரே கார் வேண்டும் என்று அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். இந்தியாவில் அந்த நிறுவனம் கடையே திறக்கவில்லை. தனியாக இறக்குமதி செய்தால் வண்டி விலையளவுக்கு வரியும் வரும். அடுத்த வரியில் பிஎம்டபிள்யூ எம்2. கையால் கியர் போடும் வசதியோடு இந்தியாவில் விற்கும் பெரிய எஞ்சின் கார். எடை 1,700 கிலோவுக்கு மேல். ஷோரூம் விலையே ஒரு கோடியை ஒட்டி, அதற்கு மேல் தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 20 சதவீதம் வாழ்நாள் வரி. ஓரத்தில் பென்சிலில் 'வரிக்கே ஒரு மெஷின் வரும்' என்றிருந்தது. பிறகு ஆக்டேவியா ஆர்எஸ், பழைய போலோ ஜிடி. எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு முறை அடிக்கோடிட்டு, போர்ஷே 718 கேமன், செகண்ட் ஹேண்ட்.

அந்த கேமன் அங்கே நின்றது. வெள்ளை நிறம். உரிமையாளர் நரைத்த தலை, மெல்லிய பேச்சு. டாக்டர் என்று சுற்றி நின்றவர்கள் கூப்பிட்டார்கள். பட்டறைக்காரர் மூன்று முறை சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டு அவரே கதவைத் திறந்தார்.

"உக்காந்து பாருங்க சார்."

உட்காருவது சுலபமாக நடந்தது. காலை நீட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்ணாடி வழியாக முன்னால் இருந்த வெறும் வானத்தைப் பார்த்தார். முகத்தில் பதினெட்டு வயது. எழுந்திருப்பதில்தான் சிக்கல். ஒரு கை முழங்காலில், ஒரு கை வாசல் விளிம்பில், அப்புறம் கூரையில். டாக்டர் பார்க்காததுபோல் டயரைப் பார்த்தார். அந்த அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்னங்க, இதுல அத்தைய எப்படி ஏத்துறது?"

"இதுல ரெண்டு சீட்டுதான்."

"அதாங்க கேக்குறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். முன்பக்க மூடியைத் திறந்து காட்டினார். எஞ்சின் நடுவில் இருப்பதால் முன்னாலும் பின்னாலும் சாமான் வைக்க இடம் உண்டு. அந்த அம்மா தன் சாப்பாட்டுப் பையை உள்ளே வைத்துப் பார்த்தார். பை போனது. "பொருளுக்கு ரெண்டு எடம், மனுஷனுக்கும் ரெண்டு எடம்" என்றார். குறையாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. எஞ்சின் நடுவில் இருப்பதுதான் திருப்பத்தில் அந்தக் காரை அத்தனை லேசாகத் திருப்புகிறது என்று டாக்டர் விளக்கினார். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னார். திருப்பத்துக்கு நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். பட்டறைக்காரர் தலையாட்டினார். வேகத்தடை எப்படி என்று கேட்டார். "குறுக்கால ஏத்தி எறக்குவேன். பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிப்பாரு. அடிக்கட்டும்." இருபது வருஷக் கனவு வேகத்தடையில் கோணலாக ஏறி இறங்கும் காட்சி அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். நோட்டை எடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு முதல் அணி தடத்தில் இறங்கியது. கூட்டத்திலேயே சத்தமானது ஒரு கறுப்பு ஜெர்மன் கூபே, நானூறு குதிரைக்கு மேல். ஓட்டியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நேர்ப்பாதையில் அது போகும்போது பையன்கள் இருவரும் விசில் அடித்தார்கள். மூன்றாவது சுற்றில் சத்தம் குறைந்தது. நான்காவது சுற்றில் உள்ளே வந்துவிட்டது. அதற்கு முன்னால் வாடை வந்தது. பிரேக் பேட் கருகுகிற வாடை, தொண்டையைப் பிடிக்கும். இளைஞர் இறங்கியபோது ஹெல்மெட்டுக்குள் முகம் வெளுத்திருந்தது.

"பெடல் உள்ள போயிட்டே இருக்கு பாய்."

பாய் என்பவர் மெக்கானிக். காலையிலிருந்து யார் வண்டிக்கு எது ஆனாலும் பாயைத்தான் தேடினார்கள். வந்தவர் முதலில் போட்ட சத்தம், "தம்பி, ஹேண்ட் பிரேக்க எறக்கு!" கொதிக்கும் டிஸ்க்கை பேட் ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நின்றால் இரண்டும் பாழ். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு செங்கல் துண்டை முட்டுக் கொடுத்தார். டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. கிட்டே போகாமலே முகத்தில் அனல் அடித்தது.

"பிரேக் ஆயில் எப்ப மாத்தின?"

இளைஞருக்குத் தெரியவில்லை. வாங்கி மூன்று வருஷம் ஆகிறதாம்.

பாய் திட்டவில்லை. பட்டறைக்காரர் பக்கத்தில் வந்து நின்றதால், அவருக்குச் சொல்வதுபோல் சொன்னார். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரிக்கே கொதி வரலாம். கொதித்தால் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. நாம் மிதிப்பது குமிழியை, அப்புறம் வண்டி எங்கே நிற்கும்? ஈரத்துக்கு நம்ம சென்னையில் பஞ்சமா! பட்டறைக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வேலை பார்த்த கை. "எடை ஜாஸ்தி, வேகம் ஜாஸ்தி. எல்லாம் சூடாத்தானே எறங்கணும்" என்றார். வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டியது நான்கு மடங்கு. குதிரைத்திறனைப் பார்த்துக் கார் வாங்குகிறவர்கள் அந்தக் குதிரைகளை நிறுத்துகிற செலவை விலைப்பட்டியலில் பார்ப்பதில்லை. அது அங்கே அச்சாவதும் இல்லை.

அதே நேரத்தில் ஒரு பழைய ஹோண்டா சிட்டி, 2000-த்தில் வந்த விடெக் மாடல், ஆறாவது சுற்றோ ஏழாவது சுற்றோ போய்க்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், ஒரு கதவு மட்டும் வேறு சாம்பல். 106 குதிரைதான். நேர்ப்பாதையில் எல்லோரும் அதை முந்தினார்கள், திருப்பங்களில் அது எல்லோர் பின்னாலும் போய் ஒட்டியது. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, காற்றில் பிரேக்கை ஆற்றிக்கொண்டே உள்ளே வந்தது. ஓட்டியவர் இறங்கியதும் சக்கரத்தடியில் தன் சொந்தச் செங்கல்லை வைத்தார். பிறகு டயரின் தோளைப் பார்த்தார். கிளம்பும்போது அதில் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டு வைத்திருந்தார். எவ்வளவு அழிந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் டயர் திருப்பத்தில் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். காற்றைப் பார்த்தார். காலையில் 32 வைத்தது 39 காட்டியது. கொஞ்சம் இறக்கினார். எல்லாம் அவசரமே இல்லாமல்.

பட்டறைக்காரர் அவரிடம் நகர்ந்தார். "தம்பி, இங்க எங்கயாவது இடிச்சா இன்சூரன்ஸ் வருமா?"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார்கள். நம் ஊர் சாதாரண மோட்டார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை எல்லாம் வராது என்று தெளிவாகவே அச்சடித்திருக்கும். படிப்பவர் யார்?

"வராது சார். அதனாலதான் புதுப்பேட்டைல கதவு கெடைக்கிற வண்டிய ஓட்டுறேன்."

அந்தப் பதில் பட்டறைக்காரரை நின்ற இடத்தில் நிறுத்தியது. டாக்டரின் கேமனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அதை டாக்டர் எப்படி ஓட்டினார் என்பதை அவரும் கவனித்திருப்பார். அழகாக, சுத்தமாக, சுவர்ப்பக்கம் எப்போதும் ஒரு கார் அகலம் மிச்சம் வைத்து. அது டாக்டரின் திறமைக் குறைவு இல்லை. உடைந்தால் வாங்க முடியாத பொருளை யாரும் அப்படித்தான் பிடிப்பார்கள்.

சிட்டிக்காரர் பட்டறைக்காரரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு நான்கு சுற்று போய் வந்தார். இரவல் ஹெல்மெட் நெற்றியில் வரி போட்டிருந்தது. வந்ததும் தண்ணீர் குடித்தார். கை லேசாக நடுங்கியது. பயமா சந்தோஷமா என்று மனைவிக்கே தெரியவில்லை போலும், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவும் காரின் பின்சீட்டில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார்.

"இதுல அத்தை ஏறிடுவாங்க. ஆனா மகாபலிபுரம் போய்ட்டு வர்றதுக்குள்ள இடுப்பு போயிரும். கல்லு மாதிரி குதிக்குது."

அவர் சொன்னதுதான் அன்றைக்குப் பேசப்பட்டதிலேயே பெரிய விஷயம் என்பது என் எண்ணம். திருப்பத்தில் சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்கினால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசியில் ஆனந்தமாக இருக்கும், ஏலகிரி போகிற வழியில் இருக்காது. வாரக்கடைசிக் கார் கேட்பது மெத்தென்ற சீட்டு, ஏசி, அடிவயிறு தட்டாத உயரம். டிராக் கேட்பது குறைந்த எடை, புது ஆயில், தேய்ந்தால் அழாத மனசு. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குச் சென்னையிலிருந்து போகிறவன், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப்போய், அங்கே ஓட்டி, அதே காரில் வீடும் திரும்ப வேண்டும். ஒரே கார் இரண்டையும் செய்யும் என்பவர்கள் ஒன்று கார் விற்கிறவர்கள், இல்லை முதுகு நல்லாயிருக்கிறவர்கள்.

பட்டறைக்காரர் நோட்டைத் திறந்தார். குதிரைத்திறன் என்ற கட்டத்தை அடித்துவிட்டு மேலே 'ஒரு நாள் தேய்மானம்' என்று எழுதினார். டயர், பேட், ஆயில் என்று கீழே பிரித்தார். இது அவர் தொழில் கணக்கு. மெஷின் என்ன விலை என்பதைவிட ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை டூல் தேயும் என்று பார்க்கிற கணக்கு. ஒவ்வொரு காராகக் கேட்டுக் கேட்டு எழுதினார். கேமனுக்கு எதிரே எழுதிய தொகையைக் கையால் மறைத்துக்கொண்டார், மனைவி பார்க்காமல்.

மத்தியானம் பாய் டீ குடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எது முடிவு சார்?"

"கொழப்பமா இருக்கு பாய்."

"நீங்க இங்க வந்தது எதுல?"

"ஸ்விஃப்ட். அஞ்சு வருஷம் ஆச்சு."

"தொள்ளாயிரம் கிலோ வண்டி. பிரேக் ஆயில் மாத்தி, நல்ல பேட் போட்டு, அடுத்த மாசம் அதுலயே வாங்க. ஒரு வருஷம் ஓட்டுங்க. எங்க பயப்படுறீங்க, எங்க அவசரப்படுறீங்கன்னு தெரியும். அப்புறம் கார் பாக்கலாம்."

பட்டறைக்காரர் முகத்தில் லேசான ஏமாற்றம். ஒரு கனவைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்திருக்கும். அந்த அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுல நானும் ஓட்டலாமா பாய்?"

"லைசென்ஸ் இருக்குல்லம்மா? ஹெல்மெட் ரெண்டா வாங்கிக்குங்க."

பதிவு மேசையில் அடுத்த முறைக்கு இரண்டு பெயர் எழுதப்பட்டன. வண்டி: ஸ்விஃப்ட்.

என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்கிறேன். ஒரு கோடி கையில் வைத்திருப்பவருக்கும் பாய் சொன்னதுதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால், வீட்டில் நிற்கிற வண்டியோடு ஒரு டிராக் டேக்குப் போய் வாருங்கள். போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், பாலிசியின் பின்பக்கத்தைப் படியுங்கள், வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிப் போங்கள்.