ஓர்வால் மடத்துப் பீரும் சீஸும்

எந்தப் பீருக்கு எந்தச் சீஸ் பொருந்தும் என்று இப்போது அட்டவணை போட்டே கொடுத்துவிடுகிறார்கள். பெல்ஜியத்தின் தென்கோடியில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி இருக்கும் ஓர்வால் மடத்துக்குப் போய்ப் பார்த்தால், இந்த ஜோடியை முதலில் சேர்த்துவைத்தது வயிற்றுப்பாடு என்பது விளங்கும்.

ஓர்வாலில் வாழ்பவர்கள் சிஸ்டெர்சியன் சபையின் ஒரு கிளையான டிராப்பிஸ்ட் துறவிகள். அவர்களுடைய வாழ்க்கைக்கு அடிப்படை புனித பெனடிக்டின் விதி. துறவி தன் கையால் உழைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்கிறது அது. நோயாளிகளைத் தவிர யாரும் நாற்கால் விலங்கின் இறைச்சியைத் தொடக்கூடாது என்றும் சொல்கிறது. கறி சமைக்காத வீட்டில் பாலுக்கு மதிப்பு கூடத்தானே செய்யும்? பாலைக் கெடாமல் வைத்துக்கொள்ள சீஸ். திராட்சையைவிட பார்லி நன்றாக வரும் குளிர்நாடு என்பதால் குடிக்கப் பீர். மிஞ்சியதை விற்றால் மடத்துச் செலவுக்கு ஆகும்.

ஓர்வாலுக்கு அந்தக் காசு மிக அவசரமாகத் தேவைப்பட்டது. 1132 முதல் சிஸ்டெர்சியன் துறவிகள் வாழ்ந்த அந்த மடத்தை 1793இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை எரித்துவிட்டது. நூறாண்டுகளுக்கு மேல் வெறும் இடிபாடு. 1926இல் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். 1928இல் சீஸ் செய்தார்கள். மடத்து நிதிக்காகக் கூடுதல் விலை வைத்துத் தபால்தலைகளும் வந்தன. அதுவும் போதவில்லை. 1931இல் பீர் ஆலை வைத்தார்கள். இன்று நாம் நிமிர்ந்து பார்க்கும் அந்தச் சுவர்களில் பீர்க் காசும் சீஸ் காசும் கலந்திருக்கின்றன.

மடத்துக்கு அருகிலுள்ள விடுதியில் இரண்டையும் சேர்த்தே சாப்பிடலாம். சீஸ் மெத்தென்று இருக்கும். வெண்ணெய் மணம், அளவான உப்பு. பீரில்தான் விசேஷம். நொதித்த பிறகு, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஊறவைக்கிறார்கள். புட்டியில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். பெரும்பாலான பீர் ஆலைகள் உள்ளே விடவே பயப்படும் ஈஸ்ட் அது. மிஞ்சிய சர்க்கரையை மாதக்கணக்கில் நிதானமாகத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் புதுப் புட்டியில் ஹாப்ஸ் மணமும் கசப்பும் தூக்கலாக இருக்கும். ஓராண்டு போனால் கசப்பு அடங்கி, பழைய தோல்பொருளை முகர்ந்தது போன்ற ஒரு வாசம் ஏறும், இனிப்பு சுத்தமாக வற்றிவிடும். ஒரு துண்டு சீஸ், ஒரு வாய் பீர். நாக்கில் படிந்த கொழுப்பை நுரை வழித்துக்கொண்டு போகிறது. அடுத்த துண்டு முதல் துண்டு போலவே ருசிக்கிறது. புதுப் பீரின் கசப்பு சீஸை அமுக்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். சீஸோடு சாப்பிடுவதென்றால் ஓராண்டு பழகிய புட்டியைத்தான் கேட்பேன்.

இப்படி மடங்களில் உருவாகும் பொருள்களுக்கென்று டிராப்பிஸ்ட் முத்திரை ஒன்று உண்டு. அதைப் பதிக்க வேண்டுமானால், பொருள் மடத்து வளாகத்திலேயே உருவாக வேண்டும், துறவிகளின் மேற்பார்வை வேண்டும், லாபம் மடத்துக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். 2021இல், பெல்ஜியத்தின் இன்னொரு டிராப்பிஸ்ட் மடமான ஆகெலில் துறவிகள் யாரும் மிஞ்சவில்லை. அதன் பீர் முத்திரையை இழந்தது. ஆலை இருந்தது, காய்ச்சும் ஆட்களும் இருந்தார்கள். கேட்டபோது எனக்கு மனசு கனத்தது. ஆனாலும் அந்த விதி சரிதான். உழைத்துச் சாப்பிட வேண்டும் என்று அங்கே ஒரு கூட்டம் வாழ்ந்ததால் காய்ச்சப்பட்ட பீர் அது. அந்தக் கூட்டம் போன பிறகும் அதன் பெயரை மட்டும் புட்டியில் ஒட்டி விற்பதை என்னால் ஏற்க முடியாது.