கரண்ட் வராத வெளிச்சம்



கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றம், மீலாத், பெருநாள், கல்யாணம். கல்முனையில் எது வந்தாலும் முதலில் ஏறுவது சீரியல் பல்ப்தான். மினாரா, மதில், கேற், மாமரம் எல்லாம் வெளிச்சம். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வயருக்குள் ஓடுவது 230 வோல்ற். நம்முடையது உப்புக்காற்று ஊர். இணைப்புகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், வயரின் உறை வெடிக்கும். அதற்கு மேல் மழை, கீழே இரும்புக் கேற்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில் அப்படியான ஒரு வயரைப் பிடித்துவிட்டார். அல்லாஹ் காப்பாற்றினான், உள்ளங்கையில் தழும்பு மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு ஆய்வுகூடத்தில் 1.5 வோல்ற் பெற்றரியைக்கூடத் தொடமாட்டார். மின் பாடம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வாங்கில் இருப்பார். ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயம் போகாது என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒளியியல் பாடத்துக்காக இந்த முறை ஒரு ஃபைபர் விளக்கு வாங்கிப் போனேன். ஃபேன்ஸி கடைகளில் பார்த்திருப்பீர்கள்: பூச்செண்டு மாதிரி மெல்லிய நார்கள் விரிந்திருக்கும், ஒவ்வொரு நுனியிலும் ஒரு புள்ளி வெளிச்சம், நிறம் மாறி மாறி வரும். ஒரு கிலோ இறைச்சியின் விலைகூட இல்லை. அடியில் ஒரு எல்ஈடி, மூன்று பெற்றரி, அவ்வளவுதான்.

“டீச்சர், இதப் புடிச்சா கரண்டடிக்குமா?” என்று அந்தப் பிள்ளை கேட்டார். கரண்ட் அடியில் இருக்கும் பெட்டியோடு நின்றுவிடுகிறது, நாருக்குள் போவது ஒளி மட்டும், நாரே பிளாஸ்ரிக்தான் என்றேன். நம்பவில்லை. நாரை வெட்டிக் காட்டினேன். வெட்டிய இடத்திலும் புள்ளி எரிந்தது. வெட்டிய துண்டு அணைந்துவிட்டது. மெல்ல ஒரு விரலை நீட்டினார். பிறகு முழுக் கொத்தையும் கைக்குள் எடுத்துக்கொண்டார். தழும்பின் மேல் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள். வகுப்பில் ஒரு சத்தமில்லை.

பிள்ளைகள் மனனம் செய்து வைத்திருக்கும் ‘முழு உட்தெறிப்பு’ இதுதான். அக்ரிலிக்குக்குள் போகும் ஒளி, வளி எல்லையில் சுமார் 42 பாகை அவதிக்கோணத்தைவிடச் சாய்வாக மோதினால் வெளியே வராது, உள்ளேயே தெறித்துத் தெறித்து நுனிவரை போகும். 1854இல் ஜோன் ரின்டல் லண்டனில் வளைந்து விழும் தண்ணீர்த் தாரைக்குள் ஒளியைக் கொண்டுபோய்க் காட்டினார். சரியாக நூறு வருடம் கழித்து, பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஹொப்கின்ஸுடன் சேர்ந்து நார்க் கொத்தின் வழியாகப் படத்தையே அனுப்பலாம் என்று எழுதினார். ஒளிநாரால் தொலைதூரத் தொடர்பு முடியும் என்று 1966இல் சொன்ன சார்ள்ஸ் காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பும் வைத்தியர் வயிற்றுக்குள் பார்க்கும் குழாயும் அந்த வழியில் வந்தவைதான்.

பிறகு வகுப்பே சேர்ந்து ஒரு வானம் செய்தது. ரெஜிபோம் பலகையில் கறுப்பு பிரிஸ்டல் போர்ட் ஒட்டி, ஊசியால் துளையிட்டு, பின்பக்கமிருந்து நார்களைக் கோர்த்தோம். மார்கழியில் இஷாவுக்குப் பின் நம் கடல்பக்கம் எழும் ஓரியன் கூட்டம். பிரகாசமான ரிகலுக்கு ஒரே துளையில் மூன்று நார். பெடல்ஜூஸுக்கு நுனியில் சிவப்பு மார்க்கர். ரிகல் என்பது அறபியில் கால் என்ற சொல்லிலிருந்து வந்தது. பக்கத்தில் இருக்கும் அல்டெபரான் என்றால் பின்தொடர்பவன். யாரைப் பின்தொடர்கிறான்? கார்த்திகைக் கூட்டத்தை. அதற்கு அறபியில் சுரையா. நம்மூரில் எத்தனை சுரையாக்கள்! தங்கள் பெயர் வானத்தில் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

வீட்டில் செய்ய விரும்புபவர்களுக்குச் சில விடயங்கள். பெற்றரியில் அல்லது யூஎஸ்பியில் எரியும் விளக்கையே வாங்குங்கள். பிளக்கில் போடுவது என்றால் அடிப்பெட்டிக்குள் அதே 230 வோல்ற் இருக்கும். நார்களின் அடிக்கட்டைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் எல்லா நாருக்கும் ஒளி ஒழுங்காகப் போகாது. சுப்பர் குளூ வேண்டாம், நார் நொறுங்கும்; வெள்ளைப் பசை போதும். கூர்மையாக மடித்தால் அந்த இடத்திலேயே வெளிச்சம் கசியும். வெட்டிய துண்டுகளை ஒரு ரின்னில் சேர்த்துவிடுங்கள். காலில் ஏறினால் எடுப்பது கஷ்டம், கண்ணில் பட்டால் அதைவிட மோசம்.

சீரியல் பல்பே கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுங்கள், ஆனால் தெரிந்த ஆளைக் கொண்டு, டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்து, பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். கை எட்டும் இடத்துக்கு இந்த நார் விளக்கு இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு வெளிச்சம் எப்போதும் தூர நின்று பார்க்கும் பொருளாகவே இருக்கிறது. தொட்டுப் பார்க்க முடிந்தால்தான் கேள்வி வரும்.

அந்தப் பிள்ளை இப்போது பெற்றரி மாற்றும் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.