வண்டலூரும் வால்பாறையும்

காட்டு விலங்குகளுக்கு மிருகக்காட்சிசாலை உகந்ததா, காடு உகந்ததா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இரு தரப்பாரும் சிங்கத்தையும் புலியையும் முன்னிறுத்தியே பேசுவது வழக்கம். எனக்கோ, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணக் கிடைக்காததும், அங்கும் அருகிப்போனதுமான சிங்கவால் குரங்குதான் இவ்விஷயத்தில் சரியான சாட்சி என்று நெடுநாளாக ஓர் எண்ணம் இருந்தது. அதனால், அதை முதலில் வண்டலூர் மிருகக்காட்சிசாலையிலும் பிறகு வால்பாறைக் காட்டிலும் ஒரே பிரயாணத்தில் பார்த்துவிடுவது என்று புறப்பட்டேன்.

1855-ல் எட்வர்ட் பால்ஃபோர் என்ற வைத்தியர் எழும்பூர் மியூசியத்தின் வளாகத்தில் சேர்த்து வளர்த்த பிராணிகளோடு தொடங்கி, சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபெயர்ந்து, பாமர ஜனங்களால் 'உயிர்க் காலேஜ்' என்று பிரியமாக அழைக்கப்பட்டு, நூறு வருஷங்களுக்கு மேல் அங்கேயே இருந்த சென்னை மிருகக்காட்சிசாலை, 1985-ல் வண்டலூர்க் காட்டில் ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்பில் புதிதாகத் திறக்கப்பட்டது. கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழி சூழ்ந்த திறந்த வெளிகளை அமைத்தவர்களின் கருணையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சிங்கவால் குரங்கின் வம்சம் அற்றுப்போகாமல் காப்பதற்கான இனப்பெருக்கப் பணியும் இங்கே நடைபெறுகிறது.

கன்னங்கரிய மேனியும், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் நிறப் பிடரியும், நுனியில் குஞ்சம் வைத்த வாலுமாக, குட்டியை மார்போடு அணைத்தபடி ஒரு தாய்க் குரங்கு மரக்கிளையில் அமர்ந்திருந்தது. பணியாளர் ஒருவர் பழத்துண்டுகளையும் அவித்த முட்டையையும் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அது இறங்கி வந்து, கன்னப்பைகள் உப்ப அவற்றை அடக்கிக்கொண்டு, மறுபடியும் அதே கிளைக்குச் சென்று அமர்ந்தது. சிறுத்தையின் பயம் இல்லை. நோய் கண்டால் வைத்தியர் வருவார். ஆயுளும் காட்டில் உள்ளதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆயினும், ஆகாரம் முடிந்த பிறகு அந்தப் பொழுது முழுவதும் அது கிளையில் வெறுமனே உட்கார்ந்திருந்ததைக் கண்டு என் மனம் கனத்தது.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து தேயிலைக்கும் காப்பிக்குமாக அழிக்கப்பட்ட ஆனைமலை மழைக்காட்டின் எச்சங்கள், பச்சைக் கம்பளமாய் விரிந்த தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான புதுத்தோட்டத்துச் சோலை 100 ஹெக்டேர்கூட இராது; அதற்குள்தான் சிங்கவால் குரங்குகள் பெருங்கூட்டங்களாக வாழ்கின்றன.

அங்கே நான் கண்ட ஒரு காட்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெண் குரங்கு ஒன்று, பாசி படர்ந்த கிளையின் பட்டையை விரல்களால் பெயர்த்துப் பெயர்த்துப் பார்த்துக்கொண்டு வந்து, மயிர்க்கற்றை போன்ற ஒரு கம்பளிப்புழுவைப் பிடித்தது. உடனே அதை வாயில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த இலை ஒன்றைப் பறித்து, புழுவை அதனுள் வைத்து, அதன் சுணை முழுவதும் உதிரும் வரையில் நிதானமாக உருட்டித் தேய்த்த பின்னரே தின்றது. அருகிலிருந்த குட்டி, தாயின் கைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு இதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தப் புழு அரிக்கும், வெடிப்பலா மரம் எப்போது பூக்கும், அதன் காயின் முள்தோலை எங்கே கடித்தால் பிளக்கும் என்ற ஞானமெல்லாம், பாட்டியின் கைப்பக்குவம் பேத்திக்கு வருவதுபோலத் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வருகிறது. வண்டலூர் காப்பது உடலை. அங்கே எத்தனை குட்டிகள் பிறந்தாலும், இந்த வித்தையைக் கற்றுத்தரப் புழுவும் இல்லை, வெடிப்பலாவும் இல்லை.

ஆனால் புதுத்தோட்டத்தைக் காடு என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. மரத்தைவிட்டு இறங்குவதே அபூர்வமான இந்தப் பிராணி, இங்கே தார்ச்சாலையைக் கடக்கிறது. குப்பைத் தொட்டியைக் கிளறுகிறது. தொழிலாளர் குடியிருப்புகளின் சமையலறைக்குள்ளும் நுழைகிறது. சில குரங்குகள் வாகனத்தில் அடிபட்டு மாண்டிருக்கின்றன. சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் ஏணிபோல் பின்னிய பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். கீழே வாகனங்களைத் தடுத்து நிறுத்தும் காவலர் ஒருவர், "மரம் ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கிட்டு நின்னா அது பாட்டுக்கு மேலேயே போயிரும் ஐயா, இந்த ரோட்டுப் பக்கமே எட்டிப் பாக்காது" என்று சொன்னதில், இந்தத் துயரத்தின் காரணம் முழுவதும் அடங்கியிருந்தது.

மிருகக்காட்சிசாலைகளை அடியோடு மூடிவிட வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. அரேபியப் பாலைவனத்தின் வெள்ளை ஓரிக்ஸ் மான், 1972 வாக்கில் வெட்டவெளியில் அறவே அற்றுப்போனபோது, காட்சிசாலைகளில் பிழைத்திருந்த மந்தையிலிருந்துதான் 1982-ல் ஓமானுக்குத் திரும்பியது. எனினும், பின்னாளில் கள்ள வேட்டைக்காரர்களால் அங்கே அது மறுபடியும் குறைந்துபோனதையும் மறக்கலாகாது. திரும்பிச் செல்லப் பத்திரமான இடம் இல்லாவிட்டால் காட்சிசாலையின் சிரமமெல்லாம் வீண். யானையைப் பொறுத்தவரையில், காட்சிசாலைகளிலிருந்து வனத்துறை முகாம்களுக்கு அதை மாற்ற வேண்டும் என்று 2009-ல் மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் பிறப்பித்த உத்தரவு எனக்கு முழுச் சம்மதம். நாளெல்லாம் நடந்து திரியும் ஒரு பிராணிக்கு எந்த அகழியும் போதாது. சிங்கவால் குரங்கின் விஷயத்தில், காடு சீர்ப்படும் வரையில் வண்டலூர் ஓர் அடைக்கல வீடாக இருக்கட்டும். அது காட்டுக்கு ஈடு என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

சீர்ப்படுத்தும் வேலையோ, வால்பாறையில் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. மழைக்காட்டு விதைகளில் பலவற்றை நெல்போலக் குதிரில் சேமித்து வைக்க முடியாது. ஈரம் உலர்ந்தால் முளைக்கும் சக்தி போய்விடும். ஆகவே, சாலையோரத்தில் உதிர்ந்து கிடப்பவற்றை உடனுக்குடன் பொறுக்கி வந்து, நாற்றங்காலில் பைகளில் முளைக்க வைத்து, நாற்றுகள் வளர்ந்த பிறகு தென்மேற்குப் பருவமழை இறங்கும் சமயத்தில், உருக்குலைந்த சோலைகளுக்குள் கொண்டுபோய் நடுகிறார்கள். தோட்ட முதலாளிகள் சிலர் தங்கள் நிலத்தில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்களும் கொடுத்தால், இன்று தனித்தனியே நிற்கும் இந்தத் துண்டுகளில் சிலவாவது ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.