39 நாட் அவுட்

அஸ்வினின் டெஸ்ட் சதங்கள் ஓரமா இருக்கட்டும். எனக்கு 2021 ஜனவரி 11, சிட்னியில் அடிச்ச 39 நாட் அவுட் போதும். 128 பந்து. எதிரே தொடைத்தசை கிழிந்த விஹாரி, 161 பந்தில் 23. ஓட முடியாத ரெண்டு பேர், நின்னே ஆட்டத்தை டிரா ஆக்கினாங்க.

அன்னைக்குக் காலையில் ஷூ லேஸ் கட்டக்கூட அவரால் குனிய முடியலைன்னு மனைவி ட்வீட் போட்ட பிறகுதான் நாங்க கொண்டாடினோம். வில்லியனூரில் நெல் மூட்டை தூக்கும் எங்க அப்பாவுக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. கிரிக்கெட்டே பார்க்காத ஆள். வேலைக்குக் கிளம்பினவர் டிவி முன்னாடி நின்னார்.

"இந்தப் புள்ளைக்கு இடுப்பு புடிச்சிருக்குடா. குனியவே பயப்படுது பாரு."

கடைசி ஓவர் வரை நகரல. அரைநாள் கூலி போச்சு.