எல்லை ஊரும் பெயர் மாற்றிய மடிக்கணினியும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைப் பக்கத்து ஊர்களில் இன்றும் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன.

அப்பேச்சைப் பதிவுசெய்யும் மாணவர்க்கு மேக் கணினியின் விலை எட்டாது. ஆகவே சாதாரண மடிக்கணினியில் மேக்ஓஎஸ் நிறுவும் முயற்சி. ஓப்பன்கோர் வன்பொருளை மாற்றுவதில்லை. தன்னை ஓர் ஆப்பிள் மாதிரியாக அறிவிக்கச் செய்கிறது. வரைகலை, ஒலி, தொடுபலகை ஒவ்வொன்றையும் தனித்தனியே இசைவிக்க வேண்டும். உரிமமோ ஆப்பிள் கருவிகளுக்கு மட்டுமே. அதிலுள்ள தமிழ் சங்கம் எம்என், மலையாளம் சங்கம் எம்என் எழுத்துருக்கள் இரண்டும் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடித்தவை.

இன்டெல் கணினிகளுக்கு மேக்ஓஎஸ் 26 இறுதிப் பதிப்பு என ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது. இவ்வழி அடைபடுகிறது. களப்பதிவுகளுக்கு வேறிடத்தில் படி இருத்தல் வேண்டும். இயங்குதளத்தை மீண்டும் நிறுவலாம். மறைந்த மூதாட்டியின் பேச்சை மீண்டும் பதிய இயலாது.