அவனை அவன்பாட்டுக்கு விடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. பிள்ளைக்குப் பதினைந்து மாதமாகியும் சுவரைப் பிடித்துத்தான் நிற்கிறான், வாங்கிக் கொடுத்த பொம்மைகளைத் தொடுவதில்லை, அடுப்படியில் எவர்சில்வர் டப்பாக்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான் என்று எழுதியிருந்தாய். அந்த டப்பாக்களைப் பற்றித்தான் எனக்கு முதலில் பேச வேண்டும்.

சின்ன மூடியைப் பெரிய டப்பாவில் வைக்கிறான், உள்ளே விழுகிறது. பெரிய மூடியைச் சின்னதன்மேல் வைக்கிறான், சரிந்துபோகிறது. எடுத்து மறுபடி வைக்கிறான். எது எதற்குள் போகும், எது போகாது என்பது அவன் கைக்குத் தெரிந்துகொண்டு வருகிறது. அப்போது நீ குனிந்து, "இப்படி வைடா கண்ணா" என்று மூடிக் காட்டினால் டப்பா மூடிக்கொள்ளும், அவன் ஆராய்ச்சியும் அதோடு முடிந்துவிடும். பால்வாடியில் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன். காட்டிக் கொடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். விட்டுவிட்டால் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

எம்மி பிக்லர் என்று ஹங்கேரியில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். போர் முடிந்த மறுவருடம், 1946இல், புடாபெஸ்ட் நகரின் லோட்சி தெருவில் பெற்றோர் இல்லாத கைக்குழந்தைகளுக்காக ஒரு இல்லம் தொடங்கினார். அங்கே தானாக உட்காரத் தெரியாத குழந்தையை யாரும் உட்கார்த்தி வைக்க மாட்டார்கள். கையைப் பிடித்து நடத்தவும் மாட்டார்கள். புரளுவதும் தவழுவதும் எழுவதும் அந்தந்தக் குழந்தைக்கு வரும்போது வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். முதல் விளையாட்டுச் சாமான் என்ன தெரியுமா? ஒரு பருத்தித் துணி. கூம்பாக நிற்கும்படி பக்கத்தில் வைத்துவிடுவார்களாம். கண்ணுக்கும் படும், கைக்கும் எட்டும்.

என் மனசில் நின்றது இன்னொன்று. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் துணி மாற்றும்போதும் அங்குள்ள பெண்கள் அவசரப்பட மாட்டார்கள். குழந்தையின் முகம் பார்த்து, "இப்போது கையைத் தூக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு, அது தானாகக் கை நீட்டும்வரை காத்திருப்பார்கள். அப்படி மனசு நிறைந்த குழந்தைதான் பிறகு தனியாக, நிம்மதியாக விளையாடும் என்பது பிக்லரின் கணிப்பு. "முந்தானையை விடவே மாட்டேன் என்கிறான்" என்கிறாயே, அதற்கு வழி இங்கேதான் இருக்கிறது. சோறூட்டும்போது போனில் பாட்டுப் போடாதே. குளிப்பாட்டும் கால்மணி நேரம் முழுசாக அவனுக்கே இருக்கட்டும். பிறகு தரையில் விட்டுவிட்டு, நீ பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிரு. அவன் நிமிர்ந்து பார்த்தால் நீயும் பார். அது போதும். கைதட்ட வேண்டாம், "என்ன கலர் இது?" என்று கேட்கவும் வேண்டாம்.

நடை பற்றிக் கலங்காதே. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துச் சொன்னது, எட்டு மாதத்திலிருந்து கிட்டத்தட்ட பதினெட்டு மாதம்வரை எப்போது நடந்தாலும் இயல்புதான் என்று. பதினெட்டும் தாண்டினால் டாக்டரிடம் காட்டலாம். உன் மாமியார் ஆசையாக வாங்கிவந்த வாக்கர் மட்டும் வேண்டாம். அதில் உட்கார்த்தினால் சீக்கிரம் நடை வராது, படியில் உருண்டு விழும் ஆபத்துதான் உண்டு. கனடாவில் 2004இல் அதை விற்கவே தடை போட்டுவிட்டார்கள். அவர் மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்று தயங்கினால், நானே போனில் பேசுகிறேன்.

டப்பாக்களோடு மரக்கரண்டி, கொட்டாங்கச்சி, பழைய வடிகட்டி, ஒரு துண்டுத் துணி, இவற்றையும் ஒரு கூடையில் போட்டுத் தரையில் வை. கொட்டாங்கச்சியின் விளிம்பை நன்றாகத் தேய்த்துவிடு. அவன் வாயில் போட்டுத்தான் எதையும் அறிவான். அதனால் புளியங்கொட்டை, பொத்தான், பட்டாணி, ரிமோட்டில் போடும் வட்ட பேட்டரி எதுவும் அவன் கைக்கு எட்டக் கூடாது. அடுப்புப் பக்கம் போகாதபடி கூடையைக் கூடத்துக்கு மாற்றிவிடு.

நம் ஊர் மர நடைவண்டியில் எனக்குப் பிரியம் உண்டு. பிள்ளை தானே எழுந்து நின்று, தன் காலால் தள்ளிக்கொண்டு போக வேண்டிய சாமான் அது. பிடிக்காமல் நாலு அடி வைத்தான் என்று எழுது, தச்சரிடம் சொல்லிச் செய்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அக்கா